இருபது மூட்டைக்கு ஒரு தலை

— மொதல்ல அந்தப் பொட்டிய நிறுத்துடா தாசு. நாலு பத்து பஸ்சுக்கு இன்னும் அரை மணி கூட இல்ல.

— நிறுத்த முடியாதுக்கா. கப்பல் நடுவுல நிக்குது.

— எந்த நடுவுல?

— ஆகாசத்துல.

— கேட்டியா ரியாசு? மேல்சித்தாமூர்ல பொண்ணு வீட்டுக்காரங்க, பொழுது சாயறதுக்குள்ள எங்களுக்கு எல போட்டாகணுமேன்னு இந்நேரம் அடுப்பு பத்த வெச்சிருப்பாங்க. இவன் ஆகாசத்துல நிக்கிறானாம்.

— என்னக் கேக்காதக்கா. நான் வீடியோ கடைக்காரன். மணிக்கு அஞ்சு ரூபா வெச்சா யாரு வேணா ஒக்காரலாம். அஜிததாஸ் அஞ்சு மணி வரைக்கும் வெச்சிட்டான்.

— ஆட்டத்துக்கா அஞ்சு ரூபா?

— தம்பி நூரு துபாய்லேர்ந்து தோள்ல வெச்சித் தூக்கிக்கினு வந்த கம்ப்யூட்டரு. செஞ்சி முழுக்கத் தேடு, இன்னொண்ணு காட்டு, நான் மீசைய எடுத்துக்கறேன்.

— உனக்கு மீசை எங்க இருக்குது? டேய் தாசு, கேக்கறேன்ல. உம் பொண்டாட்டி கண்ண மூடி எட்டு மாசம் ஆச்சு. உனக்கு இன்னும் முப்பது ஆகல. டுடோரியல்ல கணக்கு சொல்லிக் குடுத்துட்டு நேரா இங்க வந்து இந்த ரப்பர் பட்டன அமுக்கிக்கினு கெடக்கற. வீட்ல யாராச்சும் பேசினா செவுத்தப் பாக்கற. எத்தினி நாளைக்கு?

— தெரியாது.

— அந்தப் பொண்ண ஒரு தடவ பாரு. புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லு.

— பாக்க மாட்டேன்.

— பாத்தா கண்ணு கெட்டுடுமா?

— அக்கா. ஒண்ணு சொல்றேன்.

— சொல்லித் தொல.

— இந்தக் கப்பல் கடைசி ஊருக்குப் போய்ச் சேரணும். ஒரு தடவ கூட சுடாம. சேந்துட்டா இனிமே நீ பொண்ணுப் பேச்சு எடுக்கக் கூடாது. இன்னிக்கும் இல்ல, என்னிக்கும் இல்ல. நான் சுட்டாலோ, கப்பல் ஒடஞ்சாலோ, எழுந்து சட்டை மாத்திக்கினு உங்கூட வர்றேன்.

— ரியாசு, இவன் எட்டு மாசத்துல இவ்ளோ நீளமா பேசி நீ கேட்டிருக்கியா?

— சத்தியமா இல்லக்கா. 'டீ வேணாம்', அதுதான் இவன் பேசின பெரிய பேச்சு.

— பந்தயமாடா கட்ற எங்கிட்ட?

— அக்கா, அக்கா, பந்தயம்னு கடைக்குள்ள சொல்லாத. எங்களுக்கு ஆகாது. எங்கம்மா மெஹபூப் பீ உள்ளதான் இருக்குது. காதுல வுழுந்துதுன்னா பொட்டியத் தூக்கித் தெருவுல போட்டுடும். சும்மா பேச்சுன்னு வெச்சுக்கோ.

— சரி, பேச்சு. ஆனா இரு. மார்க்கெட் கமிட்டியில மூட்டைய அவுத்து, கையில அள்ளிப் பாக்காம இந்த ராஜமதி ஏலம் கேட்டதில்ல. எங்க வீட்டுக்காரு கேப்பாரு, நான் கேக்க மாட்டேன். நீ சொல்லு ரியாசு. இது இன்னா ஆட்டம்? சுருக்கா சொல்லு.

— ஒரு கப்பல். தண்ணியில போறது இல்ல, நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் போறது. மலிவா கெடைக்கற ஊர்ல வாங்கணும், கிராக்கியா இருக்கற ஊர்ல விக்கணும். வழியில திருடனுங்க வருவானுங்க, சுட்டுத் தள்ளணும். எத்தினி பேரத் தள்றமோ அவ்ளோ பெரிய பட்டம். நான் இருநூத்திப் பதினேழு. என் பட்டம் இன்னா தெரியுமா? 'சூரன்'.

— இவன் பட்டம்?

— 'பச்சப் புள்ள'.

— இன்னாது?

— சத்தியமா சொல்றேன், அப்டித்தான் போட்டிருக்குது. ஒருத்தனக் கூட சுடலன்னா கடைசி வரைக்கும் பச்சப் புள்ளதான். ஆறாங்கிளாஸ் பசங்க வந்து பாத்துட்டுச் சிரிக்கறானுங்க.

— சிரிச்சிட்டுப் போவட்டும். நம்ம ஜைன வீட்ல தண்ணிய வடிகட்டாமக் குடிச்சதுண்டா? சுடாம இருக்கறது நல்லதுதான். ஆனா இந்த ஒரு நாளு நீ சுட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்டா தாசு.

— தெரியும்.

— சரக்கு இன்னா இன்னா?

— நெல்லு, துணி, மருந்து, மெஷினு. அப்பறம் சாராயம், தோலு, துப்பாக்கி.

— கடைசி மூணும் நாம தொடக் கூடாது.

— இவன் தொடறதில்லக்கா. ஆனா அந்த மூணுலதான் காசே இருக்குது. துப்பாக்கி ஒரு லோடு அடிச்சா இவன் ஒரு மாச நெல்லு லோடுக்குச் சமம். நான் அடிப்பேன், யாருகிட்ட? போலீஸ் கப்பலே என்னப் பாத்தா ஒதுங்கும்.

— மல்லாட்டை இல்லியா?

— வெள்ளக்காரன் எழுதின ஆட்டம்க்கா. அவன் எங்க வேர்க்கடலையக் கண்டான்?

— நெல்லு இன்னா வெலை?

— நாலு. வல்லத்துல வாங்கினான்.

— எந்த வல்லம்? நம்ம வல்லத்துலயா?

— அய்யோ, மேல இருக்கற வல்லம். அந்த இங்கிலீசு பேருங்க வாயில நுழையாதுன்னு நட்சத்திரத்துக்கெல்லாம் நம்ம ஊரு பேரா வெச்சாச்சு. நெல்லு வெளையறது வல்லம். மெஷினு செய்யறது ராணிப்பேட்டை. எப்பப் போனாலும் கூட்டம் நெரியுதே, அது மலையனூரு.

— கடைசி ஊரு?

— அதுக்கு வெக்கல.

— ஏன்டா?

— போனதில்ல.

— அங்க நெல்லு இன்னா போவுது ரியாசு?

— ஒம்போது. அங்க ஒண்ணும் வெளையாது, வெறும் பாறை. நம்ம ராஜகிரி மாதிரி.

— மூட்டைக்கு அஞ்சு லாபம். எத்தினி மூட்டை ஏத்தியிருக்கான்?

— எம்பது. அதுக்கு மேல கப்பல் தாங்காது.

— நானூறு. சரி. திருடனச் சுட்டா பட்டம் மட்டுந்தானா, காசும் உண்டா?

— தலைக்கு நூறு. சர்க்காரு குடுக்கும். சுட்ட ஒடனே மேல ஏறிடும், ஆபீசுக்கு அலைய வேணாம்.

— அப்ப இருவது மூட்டைக்கு ஒரு தலை.

— இன்னாக்கா?

— இருவது மூட்டை நெல்லுல வர்ற லாபம் நூறு. ஒரு ஆளக் கொன்னா நூறு. அந்த ஊர்ல ஒரு உசிரு இருவது மூட்டை. நீ ஒரு தலைக்கு எவ்ளோ நேரம் எடுத்துப்ப?

— ரெண்டு நிமிசம். நல்ல நாளா இருந்தா ஒண்ணு.

— இவன் எம்பது மூட்டைய வாங்கி ஏத்தி இங்க கொண்டாற?

— நேத்தும் இன்னிக்கும்.

— அப்ப எவன்டா அங்க நெல்லு விப்பான்? எல்லாரும் சுடத்தானே போவான்? இத எழுதினவன் மனுசன் சோறு திங்கணும்னே நெனைக்கல.

— அதான்க்கா ஆட்டமே.

— கேவலமான ஆட்டம். சரி, ஒத்துக்கறேன். இவ்ளோ திருடனுங்க நடமாடற எடத்துல ஒருத்தன் சுடாமப் போய்ச் சேருவானா? நீ போயிருக்கியா ரியாசு அந்தக் கடைசி ஊருக்கு?

— போயிருக்கேன். வழியில பதினோரு பேரு. பீரங்கி சூடேறி நின்னுடுச்சு. திரும்பி வர்றப்ப கப்பல் போச்சு. சுடாமல்லாம் எவனும் போவ முடியாது. சத்தியமா சொல்றேன், மாப்ள கோச்சுக்கினாலும் பரவால்ல.

— அப்ப பேச்சு பேச்சுதான். டேய், சட்டையக் கொண்டாந்திருக்கேன், பையில இருக்குது. நீலக் கோடு போட்டது.

— இருக்கட்டும்.

— எங்கடா அந்த ஊரு?

— அந்தப் புள்ளி.

— அதுவா? அது டிவியில இருக்கற தூசி இல்ல?

— தூசி இல்லக்கா, அதான் ஊரு. கிட்டப் போவப் போவப் பெருசாவும். தாவி வந்துட்டான், இனிமே நடக்கற தூரம்தான். பத்து நிமிசம். கரண்ட் மட்டும் போவக் கூடாது.

— போனா?

— எல்லாம் போச்சு. கடைசியா கேசட்ல ஏத்தி வெச்ச எடத்துலேர்ந்து திருப்பி வரணும்.

— போனா யாரு ஜெயிச்சது?

— போவாது. நீ ஒக்காருக்கா.

— ஒக்காந்துதான் இருக்கேன். இந்த ஸ்டூலு ஆடுது. ரியாசு, மேல ஓரத்துல இங்கிலீசுல இன்னாவோ எழுதியிருக்குதே, அது இன்னா?

— அது... கேப்டன் பேரு.

— 'அஜிததாஸ்'னா மொதல்ல 'ஏ' வரணுமே?

— இல்லக்கா.

— பின்ன?

— நீ சொல்றியா மாப்ள?

— நீயே சொல்லு.

— ஜெயமாலான்னு போட்டிருக்குது.

— நம்ம ஜெயமாலாவா?

— அவங்க கப்பல்தான்க்கா இது. போன வருசம் ரெண்டு பேரும் படம் கேசட்டு வாங்க வந்தாங்க. நீங்க தேடுங்க, நான் இத ஒரு தடவ தொட்டுப் பாக்கறேன்னு ஒக்காந்தாங்க. அப்பறம் படமே எடுக்கல, இதுக்குத்தான் வருவாங்க. அந்த வல்லம், ராணிப்பேட்டை, எல்லாம் அவங்க வெச்ச பேருதான். படுத்துட்ட அப்பறமும் இவங்கிட்ட வெலை எழுதி அனுப்புவாங்க, 'துணிய இப்ப விக்காத, இன்னும் ஏறும்'னு.

— பாண்டி ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்பவா?

— ஆமா.

— நான் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். ஏதோ கடைக்கணக்கு எழுதறாளேன்னு நெனச்சேன்.

— கடைக்கணக்குதான்க்கா.

— நீ ஏன்டா எங்கிட்ட சொல்லல?

— கேக்கல நீ.

— மாப்ள, மாப்ள! ராடார்ல பாரு. எடது பக்கம்.

— பாத்துட்டேன்.

— இன்னா? இன்னா வந்துது?

— ரெண்டு செவப்புப் புள்ளி. திருடனுங்கக்கா. ரெண்டும் வேகக் கப்பலு. இவன் லாரி, அவனுங்க மோட்டார் சைக்கிளு.

— இவன் ஏன் சும்மா இருக்கான்?

— சும்மா இல்ல. திருப்பறான். அந்தா, அடிச்சான்!

— யாரு யார அடிச்சான்?

— அவன் நம்மள. கீழ பாரு, பச்சையா நாலு கட்டம் இருந்துதில்ல, அது கவசம். ஒண்ணு போச்சு.

— நாலும் போனா?

— கப்பல் ஒடையும்.

— ஒடஞ்சா கேசட்லேர்ந்து திருப்பி எடுக்கலாம்னியே?

— எடுக்கலாம். ஆனா பேச்சு இன்னிக்குதானே? மாப்ள, வலது பக்கம் சாய்! சாய்டா! ப்ச். ரெண்டு போச்சு.

— டேய் தாசு, சுடு.

— மாட்டேன்.

— அவன் முன்னாடிதான் வர்றான், எனக்கே தெரியுது. சுடுடா!

— சுட்டா நீ ஜெயிச்சிடுவ.

— நான் ஜெயிக்க வேணாம்! பேச்ச விட்டுட்டேன், போதுமா? மேல்சித்தாமூரும் வேணாம், பொண்ணும் வேணாம், சட்டைய நான் திருப்பி எடுத்துக்கினு போறேன். அவ பேரு போட்ட வண்டி ஒடையக் கூடாது. சுடு!

— அக்கா, நீங்க ஜைனருங்க. கத்தாதீங்க, தெருவுல போறவன் பாக்கறான்.

— ஜைனரா இருந்தா இன்னா, வழியில நிக்க வெச்சு அடிப்பானா அவன்? சுடுடா, கேக்கறேன்ல!

— மாட்டேன்க்கா.

— மூணு! மாப்ள, ஒரே ஒரு கட்டம்தான் இருக்குது. இவன் கல்லு மாதிரி ஒக்காந்திருக்கான்க்கா. நவுரு, நான் சுடறேன். பாவம் எனக்கு வரட்டும்.

— கைய எடு ரியாசு.

— அட, எடுத்துட்டேன்ப்பா. கண்ண அப்டிப் பாக்காத.

— ரியாசு, இங்க பாரு. அவனுங்களுக்கு இன்னா வேணும்? உசிரா, மூட்டையா?

— இன்னாக்கா கேள்வி இது, இந்நேரத்துல?

— சொல்லு! எதுக்கு அடிக்கறான்?

— மூட்டைக்குத்தான். கப்பல் ஒடஞ்சா மூட்டையெல்லாம் மெதக்கும், பொறுக்கிக்கினு போவான்.

— அப்ப நாமளே வுட்டெறிஞ்சா?

— எறியறதுன்னா? லோடையா?

— எறிய பட்டன் இருக்குதா, இல்லியா?

— இருக்குது. ஆனா யாரும் அமுக்க மாட்டாங்க, நஷ்டமாச்சே!

— தாசு, மூட்டைய எறி. ஒண்ணொண்ணா எறி. மொத்தமா எறிஞ்சா அள்ளிக்கினு பின்னாலயே வருவான். போன வருசம் திண்டிவனம் ரோட்ல எங்க லாரிய மறிச்சானுங்களே, எங்க டிரைவரு ஆதிமூலம் இப்டித்தான் பண்ணான். நாலு மூட்டைய உருட்டி வுட்டான், அவனுங்க ரோட்ல பொறுக்கிக்கினு நிக்கறப்பவே வண்டி வல்லம் தாண்டிடுச்சு.

— எறியறேன்.

— ஒண்ணு. ரெண்டு. மூணு... அய்யோ அக்கா, மூட்டை சுத்திக்கினே போவுது பாரு.

— அவன் நிக்கறானா?

— இல்ல... இரு... திரும்பறான்! ஒருத்தன் திரும்பிட்டான்க்கா! மூட்டை கிட்டப் போறான்!

— இன்னொருத்தன்?

— இன்னும் பின்னாடி வர்றான்.

— போடு. அவனுக்கும் போடு. கொஞ்சம் எடம் வுட்டுப் போடு, தேடித் தேடிப் பொறுக்கட்டும்.

— இருவது.

— ஒரு தலை போச்சு.

— முப்பது. நாப்பது. மாப்ள, நாப்பது மூட்டைடா! வயிறு எரியுது எனக்கு.

— நெல்லு வல்லத்துல இன்னும் வெளையும். போடு தாசு.

— அம்பது. அறுவது. அறுவத்திரெண்டு... நின்னுட்டான்! அவனும் நின்னுட்டான்! சத்தியமா, இருநூத்திப் பதினேழு பேர சுட்டிருக்கேன், ஒருத்தன் கூட நின்னு நான் பாத்ததில்ல.

— நீ எங்க நிக்க வுட்ட?

— அசந்துடாதக்கா, இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குது. திருப்பி வந்தாலும் வருவான்.

— வந்தா இன்னும் மூட்டை இருக்குது. தாசு, பின்னால பாக்காத, நேராப் போ.

— போயிக்கினுதான் இருக்கேன்.

— அதோ பெருசாவுது. இன்னா அது, சுத்துது?

— வாசல்க்கா. அது சுத்தறதுக்கு ஏத்த மாதிரி நாமளும் சுத்திக்கினே உள்ள போவணும். கொஞ்சம் இடிச்சாலும் போச்சு. இப்ப பேசாதீங்க. மூச்சு கூட வுடாதீங்க.

— ...

— ...

— சேந்துட்டான்! அல்லாவே, சேந்துட்டான்! அம்மா, இங்க வந்து பாரு, பச்சப் புள்ள கடைசி ஊருக்கு வந்துட்டான்!

— எத்தினி மூட்டை மிச்சம்?

— பதினெட்டு.

— பதினெட்ட வெச்சுக்கினு மறுபடி ஆரம்பிக்கலாம். எங்க மாமனாரு அதக் கூட வெச்சுக்கினு ஆரம்பிக்கல.

— அக்கா, மணி நாலேகால். பஸ்சு போயிடுச்சு.

— போவட்டும். அடுத்த வண்டியில நான் மட்டும் போறேன். எல போட்டுட்டுக் காத்துக்கினு இருப்பாங்க, சொல்லாம வுட்டா மரியாதை இல்ல. பையனுக்கு மனசு வரலன்னு நேராவே சொல்லிடறேன். பேச்சும் முடிஞ்சுது. இனிமே எடுக்க மாட்டேன்டா தாசு.

— சரிக்கா.

— மாப்ள, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் ஆறல. அறுவத்திரெண்டு மூட்டை! ரெண்டே ரெண்டு தடவ பட்டன அமுக்கியிருந்தா அத்தினியும் மிஞ்சியிருக்கும், எரநூறு காசும் வந்திருக்கும். அக்காவே பேச்ச வுட்டுட்டாங்க. அதுக்கப்பறமும் ஏன்டா அமுக்கல?

— அமுக்கினா ஒண்ணும் வராது.

— இன்னா வராது?

— இந்தக் கப்பல்ல பீரங்கி இல்ல.

— யாரு சொன்னா? புதுசா ஆரம்பிக்கறப்பவே ஒண்ணு மாட்டித்தான் குடுப்பான்.

— குடுத்தான். மொத நாளு நீ ஜும்மாவுக்குப் போயிருந்த. நமக்கு எதுக்கு இதுன்னு அவ அத வித்துட்டு நெல்லு வாங்கினா.

— அத விக்க முடியுமா? நாலு வருசமா இந்த ஆட்டத்த வெச்சிருக்கேன், அத விக்கலாம்னே எனக்குத் தெரியாதே!

— அவ கேட்டா. அது வாங்கிக்கிச்சு. நானூறு.

— டேய்! அப்ப நீ என்ன ஏமாத்திட்ட. இல்லாத பீரங்கிய வெச்சுக்கினு, சுட மாட்டேன்னு எங்கிட்டப் பேச்சு போட்டிருக்க.

— ஒடஞ்சா வர்றேன்னும் சொன்னேன்க்கா.

— இரு, இரு. கவசத்துக்கு மட்டும் ஆயிரத்தி அறநூறு போட்டியேடா போன மாசம். அந்தக் காசுல நாலு பீரங்கி வரும். அடி வாங்கறதுக்குக் காசு செலவழிச்சவன ஒலகத்துல ஒன்னத்தான் பாக்கறேன்.

— ரியாசு சொல்றது நெசமா? கையில காசு இருந்துதா? ஒண்ணு வாங்கி மாட்டியிருக்கலாம் இல்லடா?

— அந்த எடம் காலியாவேதான் இருக்கும்க்கா.